நாலு பேர் குடும்பத்துக்குப் பழைய இழுவைக் கேரவன்: எதை முதலில் பார்ப்பது?

தூரத்துப்பச்சை:

வணக்கம். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகிற கேரவன் ஒன்றைப் பழையதாக வாங்கலாம் என்று வீட்டில் ஒருவழியாக முடிவாகியிருக்கிறது. நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர். மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது, சின்னவனுக்கு ஏழு. விடுமுறைக்கு இதுவரை கூடாரம்தான். இனிமேல் ஈரக் கூடாரத்தை மடிக்க முடியாது என்று மனைவி சொல்லிவிட்டாள்.

விளம்பரப் படங்களில் எல்லாக் கேரவன்களும் பளபளவென்றுதான் இருக்கின்றன. ஒன்றின் மேல் மட்டும் கண் விழுந்துவிட்டது. பதினைந்து வருடத்து வண்டி, ஐந்து பேர் படுக்கலாம், பின்பக்கம் நிரந்தர அடுக்குக் கட்டில், முன்பக்கம் எதிரெதிரே நீள சோஃபா. "உள்ளே ஒரு சொட்டு ஈரம் இல்லை" என்று எழுதியிருக்கிறார்கள். இந்த வார இறுதியில் பார்க்கப் போகிறோம். என்ன பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும்? ஒன்றும் தெரியாதவன் என்று நினைத்தே சொல்லுங்கள்.

பட்டறைக்காரன்:

கேரவன் இருக்கட்டும், முதலில் உங்கள் காரைப் பற்றிச் சொல்லுங்கள். வெற்று எடை என்ன? எவ்வளவு இழுக்கலாம் என்று தயாரிப்பாளர் சொல்லியிருக்கிறார்? பலர் பேசி முடித்து முன்பணமும் கொடுத்துவிட்டு அப்புறம்தான் இதைக் கேட்க வருகிறார்கள்.

காரின் கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ ஒரு எடைத் தகடு இருக்கும். பெரும்பாலும் நான்கு எண்கள். மேலே இருப்பது ஆளும் சாமானும் ஏறிய காரின் உச்ச எடை. அடுத்தது காரும் இழுவையும் சேர்ந்த உச்ச எடை. கீழே உள்ள இரண்டும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால், முழுச் சுமையேற்றிய காரால் எவ்வளவு இழுக்க முடியும் என்று தெரியும். இரண்டாவது எண் இல்லையென்றால், அல்லது பூஜ்யம் என்று போட்டிருந்தால், அந்தக் காரில் இழுக்கவே கூடாது. மின்சாரக் கார், ஹைபிரிட் வைத்திருப்பவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும். சிலவற்றுக்கு இழுவை அனுமதியே கிடையாது.

அது காரின் வரம்பு. புதிதாக இழுப்பவர் அந்த வரம்பு வரை போகாமல் இருப்பது நல்லது. கேரவனின் உச்ச எடை, காரின் வெற்று எடையில் 85 சதவீதத்துக்குள் இருக்கட்டும் என்று கேரவன்காரர்கள் சொல்வார்கள். இது சட்டம் இல்லை. ஆனால் பெரிய லாரி ஒன்று பக்கத்தில் விரைந்து கடக்கும்போது எதற்காகச் சொன்னார்கள் என்று புரியும். ஓட்டுநர் உரிமம் எத்தனை கிலோ வரை இழுக்க விடுகிறது என்பது நாட்டுக்கு நாடு வேறு, உரிமம் வாங்கிய காலத்தைப் பொறுத்தும் வேறு. அதையும் பார்த்துவிடுங்கள்.

தூரத்துப்பச்சை:

நன்றி அண்ணா. கார் வெற்று எடை 1,650 கிலோ. கேரவன் விளம்பரத்தில் வெற்று எடை 1,240, உச்ச எடை 1,400 என்று இருக்கிறது. 85 சதவீதம் கணக்குப் போட்டால் 1,402 வருகிறது. அப்படியென்றால் சரிதானே?

மூட்டைமுடிச்சு:

இழுக்கச் சரி, தம்பி. சாமான் வைக்கத்தான் இடிக்கும். 1,400-இல் 1,240 போனால் மிச்சம் 160 கிலோ. நாலு பேருக்கு அது நிறைய என்று தோன்றும், ஆனால் நிறைய இல்லை. வெளியே மாட்டும் ஆனிங், அதாவது துணிப் பந்தல், கம்பிகளோடு சேர்ந்து 20 கிலோவுக்கு மேல். உள் பேட்டரி 20 கிலோவுக்கு மேல் வரும், சில தயாரிப்பாளர்கள் அதை வெற்று எடையில் சேர்ப்பதில்லை. கேரவனைத் தள்ளி நிறுத்த மோட்டார் மூவர் பொருத்தியிருக்கிறார்களா என்று கேளுங்கள். பொருத்தியிருந்தால் இன்னொரு 30 கிலோ அதே கணக்கில் போகும். அப்புறம்தான் துணி, பாத்திரம், நாற்காலி, போர்வை, பிள்ளைகளின் சைக்கிள்.

சைக்கிளைப் பற்றி ஒன்று. கேரவனின் பின்சுவரில் தொங்கவிடாதீர்கள். அச்சிலிருந்து அவ்வளவு தூரத்தில் எடை இருந்தால் வால் ஆடும். கனமானது எல்லாம் தாழ்வாக, அச்சுக்கு மேலே. லேசானதுதான் மேல் அலமாரியில். நாங்கள் சைக்கிளைக் கார் கூரையில் ஏற்றிவிடுவோம், அழகாக இருக்காது, பரவாயில்லை.

பட்டறைக்காரன்:

அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொக்கியின் மேல் அழுந்தும் எடை, ஏற்றிய கேரவன் எடையில் 5 முதல் 7 சதவீதம் இருக்க வேண்டும். 1,400-க்கு 70 முதல் 98 கிலோ. ஆனால் உங்கள் கார், அதன் பின்னால் கேரவனை மாட்டும் டோ பார், கேரவனின் கொக்கி மூன்றுக்கும் தனித்தனி வரம்பு உண்டு, மூன்றில் எது குறைவோ அதுதான் உங்கள் வரம்பு. கார் 75 கிலோதான் தாங்கும் என்றால் 70-க்கும் 75-க்கும் நடுவில் நிற்க வேண்டும், அதற்குச் சாமானை முன்னும் பின்னும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். அளக்கப் பெரிய கருவி வேண்டாம். குளியலறை எடைமானி, அதன் மேல் சரியான உயரத்துக்கு ஒரு மரக்கட்டை, அதன் மேல் கொக்கி. கேரவன் சமதரையில் நிற்க வேண்டும்.

மழைக்காகம்:

எடை கணக்கில் வந்துவிடும். ஈரம் வராது. பழைய கேரவனில் பணத்தை விழுங்குவது அதுதான், ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்த வயதுக் கேரவன் பெரும்பாலும் எப்படிக் கட்டப்பட்டது என்றால்: வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, நடுவில் மரச்சட்டமும் நுரைப் பலகையும், உள்ளே காகிதமோ வினைலோ ஒட்டிய மெல்லிய ஒட்டுப்பலகை. தகடுகள் சேரும் இடமெல்லாம் பசைபோன்ற ஒரு பொருளால் அடைத்து, மேலே அலுமினியப் பட்டை வைத்துத் திருகியிருப்பார்கள். வருடங்கள் போகப் போக அந்தப் பசை காய்ந்து சுருங்கும். சாலையில் ஓடும்போது சட்டம் முறுக்கிக்கொண்டே இருப்பதால் சந்து விடும். நீர் அங்கே நுழைந்து மரத்தின் வழியே ஓடி வேறு எங்கோ போய்த் தேங்கும். உள்சுவரில் கறை தெரியும்போது உள்ளே மரம் ஏற்கெனவே கறுத்திருக்கும்.

எங்கே தேட வேண்டும்? முன், பின் சுவர்களின் நான்கு மூலைகள், ஜன்னல்களின் கீழ்முனைகள், கூரை வெளிச்சச் சாளரத்தைச் சுற்றி, ஆனிங் மாட்டும் தண்டவாளம் ஓடும் சுவரின் மேற்பகுதி, குளியலறை. முன் சோஃபாக்களின் மெத்தையை எடுத்துப் பெட்டிகளைத் திறந்து, டார்ச் அடித்து, தரையும் சுவரும் சேரும் இடத்தைப் பாருங்கள். விற்பவர் கடைசியாகத் துடைக்கும் இடம் அது. அலமாரிகளுக்குள் கையை விட்டுச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். கெட்டியாக இருக்க வேண்டும். அமுங்கினாலோ நொறுங்கும் சத்தம் கேட்டாலோ உள்ளே போய்விட்டது. சுவர்க்காகிதம் அலையடித்திருப்பது, கறுப்புப் புள்ளிகள், துருப்பிடித்த திருகுகள் எல்லாம் அதே சேதிதான். வெளியே அலுமினியத்தில் பரு மாதிரி சின்னச் சின்னப் புடைப்பு தெரிந்தால் தகடு உள்பக்கமிருந்து அரிக்கிறது என்று பொருள்.

கதவைத் திறந்ததும் முகர்ந்து பாருங்கள். மட்கல் வாடை வந்தால் கவனம். வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால் இன்னும் கவனம். முடிந்தால் இரண்டு நாள் மழை பெய்த பிறகு போங்கள்.

ஈரம் அளக்கும் மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இந்த வேலையில் அதைவிட மலிவான கருவி இல்லை. 15 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. 15-இலிருந்து 20 வரை கண்காணிக்க வேண்டியது. 20-க்கு மேல் போனால் வேலை இருக்கிறது. 30-ஐத் தாண்டினால் மரம் உளுத்திருக்க வாய்ப்பு அதிகம்.

நடுவழி:

மழைக்காகம் சொல்வதைப் படித்தால் யாருமே பழைய கேரவன் வாங்க மாட்டார்கள்! பதினைந்து வயது வண்டியில் எங்கேயுமே 20-ஐத் தாண்டக் கூடாது என்று தேடினால் பிள்ளைகள் கல்லூரிக்குப் போய்விடுவார்கள். ஈரம் இருக்கிறதா என்பதைவிட எங்கே, எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்றுதான் கேட்க வேண்டும். ஒரு ஜன்னலின் கீழ்முனையில் மட்டும் 22 காட்டினால் ஜன்னலைக் கழற்றிக் காயவிட்டு மறுபடி அடைக்கலாம். முன் மூலையில் மேலிருந்து கீழ்வரை 28 என்றால் அது வேறு கதை, அங்கே சட்டமே மாற்ற வேண்டிவரும்.

மீட்டரையும் அப்படியே நம்ப வேண்டாம். உள்ளே ஒரு திருகோ உலோகத் தாளோ இருந்தால் உண்மையைவிட அதிகமாகக் காட்டும். கேரவனின் நடுத் தடுப்புச் சுவரில், அதாவது மழையே படாத இடத்தில், முதலில் ஒரு அளவு எடுங்கள். மற்ற அளவுகளை அதோடு ஒப்பிடுங்கள்.

மழைக்காகம்:

நடுவழி, ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னது சரி. ஆனால் "காயவிட்டு அடைக்கலாம்" என்று சொல்வது கையில் கருவியும் இடமும் உள்ளவருக்கு. அவர் முதல் கேரவன் வாங்குகிறார். அவர் கேட்க வேண்டியது வருடாந்திர சர்வீஸ் அறிக்கைகள். அதில் கேரவனின் வரைபடத்தில் ஒவ்வொரு இடத்திலும் ஈர அளவு எழுதியிருப்பார்கள். மூன்று, நான்கு வருட அறிக்கையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே மூலையில் 14, 18, 23 என்று ஏறிக்கொண்டே வந்தால் இன்னும் கசிகிறது. 23 அப்படியே நின்றாலோ இறங்கினாலோ யாரோ சரிசெய்திருக்கிறார்கள்.

நடுவழி:

அதை ஒத்துக்கொள்கிறேன்.

மூட்டைமுடிச்சு:

இவர்கள் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் உள்ளே வாழப்போவதையும் கொஞ்சம் பாருங்கள்.

ஐந்து பேர் படுக்கலாம் என்றால் ஐந்து படுக்கை இருக்கிறது, அவ்வளவுதான். ஐந்து பேர் உட்கார்ந்து சாப்பிட இடம் இருக்கும் என்று அர்த்தமில்லை. மழை நாளில் நாலு பேரும் மாலை முழுக்க உள்ளே என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் எங்கே உட்காருவார்கள்? குடும்பத்தோடு போய், பிள்ளைகளையும் கூட்டிப் போய், கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்து பாருங்கள். விற்பவர் முறைத்தால் முறைக்கட்டும்.

நிரந்தர அடுக்குக் கட்டில் நல்ல தேர்வு. தினமும் மேசையை இறக்கி, மெத்தைகளைப் புதிர் போட்டு அடுக்கிப் படுக்கை ஆக்குகிற வண்டிகளில் இரவு எட்டு மணிக்கு வீட்டில் சண்டைதான். உங்களுக்குப் பிள்ளைகள் பின்னால் திரைக்குள் தூங்கிவிட்டால் முன்பக்கம் நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசலாம். ஆனால் மூத்தவளுக்குப் பன்னிரண்டு ஆகிறது. கட்டிலின் நீளத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள், படத்தில் எல்லாம் நீளமாகத்தான் தெரியும். மேல் கட்டிலுக்கு எடை வரம்பு உண்டு, கட்டில் பக்கத்திலோ கையேட்டிலோ எழுதியிருக்கும். அவள் இன்னும் எத்தனை வருடம் உங்களோடு விடுமுறைக்கு வருவாள் என்பதையும் யோசியுங்கள். இன்றைய பிள்ளைகளுக்காக மட்டும் வாங்கினால் சீக்கிரமே மாற்ற வேண்டியிருக்கும்.

கழிப்பறை எங்கே இருக்கிறது? பின்கோடியில் இருந்து, அங்கே போக அடுக்குக் கட்டிலைத் தாண்ட வேண்டும் என்றால் ராத்திரி எல்லோரும் எழுந்துகொள்வார்கள்.

நீலச்சுடர்:

நான் எரிவாயு, மின்சாரம் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

போகும் முன் விற்பவருக்கு ஃபோன் செய்து, ஃபிரிட்ஜை முதல் நாள் இரவே போட்டுவிடச் சொல்லுங்கள். கேரவன் ஃபிரிட்ஜ் பெரும்பாலும் வெப்பத்தில் ஓடுகிற அம்மோனியா வகை. வீட்டுக் கரண்ட், எரிவாயு, ஓடும்போது காரின் 12 வோல்ட் என்று மூன்றிலும் ஓடும், ஆனால் குளிரப் பல மணி நேரம் எடுக்கும். நீங்கள் போனபிறகு சுவிட்சைப் போட்டு "விளக்கு எரிகிறது பாருங்கள்" என்று காட்டுவதில் அர்த்தமில்லை. அம்மோனியா நெடி அடித்தாலோ, பின்புறக் குழாய்களில் மஞ்சள் பொடி படிந்திருந்தாலோ குளிர்க்குழாய் போய்விட்டது. அப்புறம் எரிவாயுவிலும் தனியாக ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

தண்ணீர் நிரப்பிக் குழாய்களைத் திறந்து மூடிப் பாருங்கள். எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போது பம்ப் இடையிடையே தானாக ஓடினால் எங்கோ கசிகிறது. உறைபனி விழும் ஊர்களில் குளிர்காலத்துக்கு முன் தண்ணீரை வடிக்காமல் விட்ட கேரவன்களில் வெந்நீர்க் கொதிகலனும் குழாய் இணைப்புகளும் வெடித்திருக்கும். ட்ருமா காம்பி மாதிரிக் கொதிகலன்கள் சிலவற்றில் 3 டிகிரி அருகில் தானே திறந்து வடிக்கும் வால்வு உண்டு. எல்லாவற்றிலும் இல்லை. ஆல்டே வகை, அதாவது குழாயில் சுடுதிரவம் ஓடும் வெப்பமூட்டி இருந்தால், அந்தத் திரவத்தைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

எரிவாயுக் குழாயின் மேல் தேதி அச்சாகியிருக்கும், பார்த்துப் பழையது என்றால் மாற்றிவிடுங்கள். தரையில் சின்னச் சின்னக் காற்றுத் துளைகள் இருக்கும். குளிர் வருகிறது என்று சிலர் அவற்றை அடைத்துவிடுவார்கள். எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் வெளியேற இருக்கும் வழி அந்தத் துளைதான். அடைத்திருந்தால் அந்த ஆள் வேறு என்னென்ன செய்திருப்பார் என்றும் யோசிக்கலாம். குளிர்காலத்திலும் போவதாக இருந்தால் ப்ரோபேன் சிலிண்டர் வையுங்கள். பியூட்டேன் பூஜ்யம் டிகிரி அருகிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும், ப்ரோபேன் -42 வரை தாக்குப்பிடிக்கும்.

பட்டறைக்காரன்:

அடிப்பக்கம் என் பாடு. டயரின் ஆழத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். கேரவன் டயர் தேய்வதற்கு முன் வயதாகிவிடும், வருடத்தில் பெரும்பகுதி ஒரே இடத்தில் நிற்கிறதே. பக்கச்சுவரில் நான்கு இலக்கம் ஒன்று இருக்கும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். ஐந்திலிருந்து ஏழு வருடத்துக்குள் மாற்றிவிட வேண்டும், பார்க்கப் புதிதாகவே இருந்தாலும்.

கொக்கித் தண்டை உள்ளே தள்ளிப் பாருங்கள். தடை கொடுத்து உள்ளே போய், மெல்ல வெளியே வர வேண்டும். தடையில்லாமல் டக்கென்று போனால் அந்தத் தடையைக் கொடுக்கும் டாம்பர் வேலை செய்யவில்லை. ஆட்டத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் கொக்கி இருந்தால் நல்லது. அதன் உள்ளே உராயும் பட்டைகள் இருக்கும், அவற்றுக்குத் தேய்மானக் குறி உண்டு. அந்த வகைக் கொக்கிக்கு டோ பாலில், அதாவது கொக்கி உட்காரும் காரின் உருண்டையில், கிரீஸ் பூசவே கூடாது.

சர்வீஸ் பில் பார்க்கும்போது ஒரு தந்திரம். அல்-கோ நிறுவனத்தின் சேஸிஸில், அதாவது அடிச்சட்டத்தில், பிரேக் டிரம்மைப் பிடித்திருக்கும் பெரிய நட்டை ஒருமுறை கழற்றினால் புதிதுதான் போட வேண்டும், 290 நியூட்டன் மீட்டருக்கு முறுக்க வேண்டும். பில்லில் அந்த நட்டு இல்லையென்றால் "பிரேக் சர்வீஸ் செய்தோம்" என்பது எழுத்தில் மட்டும் நடந்திருக்கலாம்.

நடுவழி:

காகிதம் யாரும் சொல்லவில்லையே. சேஸிஸில் பொறித்த எண்ணும் ஆவணத்தில் உள்ள எண்ணும் ஒன்றா? ஜன்னல் கண்ணாடிகளிலும் பொறித்திருந்தால் அதுவும் ஒத்துப்போக வேண்டும். சுரண்டியிருந்தால் திரும்பிவிடுங்கள். கடன் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். விற்பவரின் வீட்டிலேயே பார்க்க வேண்டும், வழியில் எங்காவது பார்க்கலாம் என்றால் வேண்டாம்.

தூரத்துப்பச்சை:

போய்ப் பார்த்துவிட்டோம். எல்லோருக்கும் பதில் சேர்த்தே எழுதுகிறேன்.

நடுத் தடுப்பில் 11. முன் மூலைகள் 14, 15. ஜன்னல்கள் பரவாயில்லை. ஆனால் குளியலறைப் பின்மூலையில் கீழே 31, இடுப்பு உயரத்தில் 26. அழுத்தினால் மெத்தை மாதிரி அமுங்கியது. கதவருகே தரையும் நடக்கும்போது கிரீச்சிட்டது. டயரில் 1114 என்று இருக்கிறது. ஃபிரிட்ஜை முன்கூட்டியே போடச் சொல்லியும் போட்டு வைக்கவில்லை. சர்வீஸ் அறிக்கை பழையது ஒன்றுதான், அதில் அந்த மூலை 19. மேல் கட்டில் மகளுக்கு இப்போதே சரியாக இருக்கிறது, அதாவது இனி வளர இடமில்லை. விற்பவர் நல்ல மனிதர்தான், விலை குறைக்கவும் தயார். என்ன செய்யலாம்?

நடுவழி:

தரை மட்டும் என்றால் பயப்பட வேண்டாம். ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே நுரை விட்டுப் பிரிந்திருக்கும், துளையிட்டுப் பிசின் செலுத்தி ஒட்டவைப்பார்கள், வழக்கமான வேலைதான். ஆனால் 19-இலிருந்து 31-க்கு ஏறிய மூலையை நானும் தொட மாட்டேன்.

மழைக்காகம்:

நடுவழியே சொல்லிவிட்டார், எனக்கு வேலையில்லை. விலை எவ்வளவு குறைத்தாலும் அந்த மூலையைத் திறந்த பிறகுதான் உண்மையான செலவு தெரியும். இந்தப் பேரத்தில் அந்த அபாயம் முழுக்க உங்கள் தலையில்.

தூரத்துப்பச்சை:

வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். ஒரு வியாபாரியிடம் வேறொன்று பார்த்தோம். நான்கு பேருக்கானது, எட்டு வயது, உச்ச எடை 1,350, சாமானுக்கு 190 கிலோ. அடுக்குக் கட்டில் பக்கவாட்டில், நீளம் 1.85 மீட்டர். எல்லா இடத்திலும் 10-இலிருந்து 16 வரைதான். நான்கு வருட அறிக்கைகளும் இருக்கின்றன, பில்லில் அந்த நட்டும் இருக்கிறது அண்ணா! டயர் இரண்டும் அவர்களே மாற்றித் தருகிறார்கள். சோஃபா துணியின் நிறம் மட்டும் மனைவிக்குப் பிடிக்கவில்லை. சனிக்கிழமை எடுக்கப் போகிறோம். கேரவன் இழுத்ததே இல்லை. வீட்டுக்குக் கொண்டுவரும் வழியில் எதில் கவனம்?

மூட்டைமுடிச்சு:

உறை தைத்துப் போட்டுக்கொள்ளலாம், தம்பி. வாழ்த்துகள்.

பட்டறைக்காரன்:

வியாபாரியையே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள், பிறகு அவிழ்த்து நீங்கள் ஒருமுறை அவர் முன்னால் மாட்டுங்கள். கொக்கி பூட்டியதும் கேரவனின் சின்ன முன்சக்கரத்தைத் திருகி இறக்கி, கார் பின்புறம் லேசாக எழும்புகிறதா பாருங்கள். எழும்பினால் கொக்கி பிடித்திருக்கிறது. சக்கரத்தை மறுபடி முழுக்க மேலே ஏற்றிப் பூட்டுங்கள். கேரவன் காரிலிருந்து கழன்றால் அதன் பிரேக்கைப் போடும் கம்பி ஒன்று இருக்கும், அதைக் காரில் அதற்கென்று உள்ள வளையத்தில் மாட்ட வேண்டும், டோ பால் கழுத்தில் சும்மா சுற்றி விடாதீர்கள். பிளக்கை மாட்டி விளக்குகளை இன்னொருவரை நிற்கவைத்துப் பாருங்கள். கேரவனின் அகலத்துக்கு நீட்டிய கண்ணாடிகள் கட்டாயம்.

திருப்பங்களில் அகலமாகப் போங்கள், கேரவன் உள்பக்கமாக வெட்டும். ஆட ஆரம்பித்தால் பிரேக்கை அழுத்தாதீர்கள், வேகத்தைக் கூட்டி நேராக்கவும் பார்க்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, தானே அடங்க விடுங்கள். டயர் புதிதாகப் போட்டிருப்பதால் சக்கர போல்ட்களைக் கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்குமானி வைத்து முறுக்கி, 50 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி மறுபடி ஒருமுறை சரிபாருங்கள். முறுக்குமானி இல்லையென்றால் சனிக்கிழமைக்கு முன் ஒன்று வாங்கிவிடுங்கள்.